அத்தை ஏறிய மாடிகள்

என் மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டாங்க. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் வந்து நிற்கிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். சொல்ல வேண்டியதை வேறு யாரிடமாவது சொல்வார்கள். ஆள் இல்லை என்றால் தூணிடம் சொல்வார்கள்.

"மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளு" என்று அத்தை தூணிடம் சொல்வாங்க.

"போதும்" என்று நான் இலையைப் பார்த்துச் சொல்வேன்.

எனக்கு இது ஒத்துப்போனது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

அத்தைக்கு ஊர் சாலவாக்கம் பக்கம் ஒரு கிராமம். நெல் பயிர் செய்கிற குடும்பம். வெளியூரில் அவங்களுக்கு வேலை எதுவும் கிடையாது. ஆனால் ஏதாவது ஒரு சாக்கு வைத்துப் போவாங்க. கல்யாணம், சாவு, கோயில், வைத்தியம், எதுவானாலும் சரி. போய் இறங்கினதும் முதல் வேலை, அந்த ஊரில் எங்கே ஏறி நின்றால் ஊர் முழுக்கத் தெரியும் என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்து ஏறி, பார்த்துவிட்டு இறங்கினால்தான் மற்றது எல்லாம். பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் அவங்களை முதலில் பார்த்ததே அப்படித்தான். எழுபத்திமூணாம் வருசம் என்று நினைவு. பெண் வீட்டார் உத்திரமேரூருக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மாமா வந்தார். பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் தாயைக் காணோம்.

"பொண்ணப் பெத்தவங்க எங்க?" என்று என் அம்மா கேட்டாள்.

"கோயிலுக்குப் போயி கீறா. வந்துடுவா" என்றார் மாமா. முகம் சரியில்லை.

காபி ஆறிப்போனது. அம்மா இரண்டாம் தடவை சுட வைத்தாள். அதுவும் ஆறின பிறகு அத்தை வந்தாங்க. பருத்த உடம்பு. முகமெல்லாம் வேர்வை. புடவைத் தலைப்பில் ஒட்டடை.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மூன்று அடுக்கு. கீழே நின்ற பெருமாள், நடுவில் உட்கார்ந்த பெருமாள், மேலே படுத்த பெருமாள்.

"நல்லா சேவிச்சீங்களா?" என்று அம்மா கேட்டாள். கேள்வியில் குத்தல் இருந்தது.

"கீழ நிக்கறவர சேவிச்சேன். நடுவுல குந்திகினு கீறவரையும் சேவிச்சேன். மேல படுத்துகினு கீறவர எழுப்பல. சுத்திப் பாத்துட்டு எறங்கிட்டேன்."

"எத்த சுத்திப் பாத்தீங்க?"

"ஊரத்தான். ஒங்க வூட்டுக் கொல்லையில முருங்க காச்சித் தொங்குது. பறிக்க ஆளு இல்லியா?"

அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு குத்தலாக ஒன்றும் கேட்கவில்லை. பெண் தருவதாக அன்றைக்கே முடிந்தது.

கல்யாணமாகி வெகு நாள் கழித்து என் மனைவியிடம் கேட்டேன். எதைப் பார்த்து உன் அம்மா சரி என்றாங்க என்று.

"மேலருந்து பாத்தா ஏரிக்கர தெரிஞ்சிதாம். அது மேலயே நடந்தா எங்க ஊரு ரோட்ட புடிச்சிடலாமாம். பொண்ணு வழி தெரியாம நிக்காதுன்னு சரின்னுச்சாம்."

"என்னப் பாத்து இல்லியா?"

"ஒங்கள யாரு பாத்தாங்க?"

நான் நெல் மண்டியில் லாரி ஓட்டினேன். திரும்பி வரும்போது வண்டி காலியாக இருக்கும். அது தெரிந்ததும் அத்தைக்கு வசதியாகப் போனது. லாரியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நான், நடுவில் மாமா, ஜன்னல் ஓரம் அத்தை. தூண் வேலை மாமாவுக்கு.

"இந்த ஊர்ல ஒசரமா இன்னா கீதுன்னு மாப்ளைய கேளுங்க."

"கேட்டுச்சா மாப்ள?" என்பார் மாமா.

"கேட்டுச்சி."

"கேட்டுச்சாம்டி" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார்.

செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினாங்க. ஒரு பக்கம் ஏரி. ஒரு பக்கம் ஊர். அடியில் கரி இஞ்சின் வந்து நின்று புகை விட்டது. மாமாவும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டோம். புகைக்குள் அத்தை நின்றாங்க. புகை போன பிறகு முகம் கருத்து, கண் மட்டும் வெள்ளையாக, அப்போதும் ஊரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தாங்க.

"கொரங்கு நட்சத்திரத்துல பொறந்தவ மாப்ள" என்றார் மாமா. "எறங்க சொன்னா பல்ல காட்டுவா."

ஏறுவதற்கு அத்தை சில வழி வைத்திருந்தாங்க. இதெல்லாம் என்னிடம் சொன்னதில்லை. மாமாவிடம் சொன்னது, என் காதில் விழுந்தது.

கோபுரத்தில் ஏற ஆசைப்படக் கூடாது. கோபுரத்து மேல் நின்றால் கோபுரம் தெரியாது. கோபுரம் இல்லாமல் அது என்ன ஊர். அதற்குப் பக்கத்தில் ஒரு மாடி பார்க்க வேண்டும். காலையில் என்றால் ஊருக்குக் கிழக்கே நிற்க வேண்டும். சாயங்காலம் என்றால் மேற்கே. வெயில் நம் முதுகில் விழ வேண்டும், ஊர் முகத்தில் விழ வேண்டும். ஏறி முடித்ததும் உடனே திரும்பிப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்து நின்று மூச்சு வாங்கி, முகம் துடைத்துவிட்டு அப்புறம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் ஊரும் சேர்ந்து மூச்சு வாங்குமாம்.

எந்த மாடி என்று தேர்வு செய்வதும் தெருவில் நின்றபடியே. வடாம் காய்கிற மாடியாகப் பார்ப்பாங்க. துணி காய்ந்தாலும் சரி. அங்கே ஒரு பொம்பளை ஏறி இறங்குகிறாள் என்று அர்த்தம். அவளிடம்தான் கேட்பாங்க.

"ஆம்பளைய கேட்டா எதுக்குன்னு கேப்பான். அப்பறம் கீழ நின்னு நம்ம காலப் பாப்பான். பொம்பளைய கேட்டா, ஏறும்போது இந்தக் கூடைய எடுத்துக்கினு போ, காக்காவ ஓட்டுன்னு சொல்லுவா. முடிஞ்சிது கத."

அப்படி எத்தனையோ ஊரில் எத்தனையோ வீட்டு வடாமை அத்தை காவல் காத்திருக்காங்க.

ரொம்ப உயரமும் பிடிக்காது. மகாபலிபுரத்தில் கலங்கரை விளக்கத்து மேல் கூட்டிக்கொண்டு போனேன். சந்தோசப்படுவாங்க என்று நினைத்தேன். சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தாங்க. அவ்வளவுதான்.

"மனுசங்க கடுகாட்டம் கீறாங்க. யாரு சிரிக்கறா, யாரு அழுவறான்னு ஒன்னும் தெரியல. இன்னாத்துக்கு இம்மாம் ஒசரம்?"

இறங்கி வந்து பக்கத்துப் பாறை மேல் ஏறினாங்க. அங்கிருந்து தெருவும் தெரிந்தது, கடலும் தெரிந்தது, தெருவில் ஒருத்தி பிள்ளையை அடிப்பதும் தெரிந்தது. அது சரியாக இருக்கிறது என்று பாறையில் குந்திவிட்டாங்க.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குக் கழுகு வரும். அதைப் பார்க்கத்தான் ஜனம் மலை ஏறும். நாங்கள் போன அன்றைக்கும் கூட்டம். கழுகு வந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை கழுகுக்கு முதுகைக் காட்டி நின்றாங்க. கீழே பெரிய கோயில், நாலு பக்கம் கோபுரம், குளம், தேர் போகிற தெரு எல்லாம் தட்டில் வைத்த மாதிரி இருந்தது.

"அடியே, கழுகு போவுது பாரு. புண்ணியம்" என்றார் மாமா.

"அது தெனம் வருது. நான் தெனம் வருவனா?" என்றாங்க. திரும்பவே இல்லை.

அந்த மலையில்தான் மாமாவிடம் அந்த விசயத்தைச் சொன்னாங்க. நான் இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன கட்டிக்கினு வந்தப்ப கூண்டு வண்டில துணி போட்டு மூடி கூட்டிக்கினு வந்தீங்க. எந்தத் தெசையில வந்தோம்னு தெரியல. எங்கம்மா வூடு எந்தப் பக்கம்னு தெரியாம அடுப்பப் பாத்து அழுதுகினு இருந்தேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார் மாமா.

"யாரு ஒங்ககிட்ட அப்ப பேசனது? ஒரு நாளு வைக்கப்போர் மேல ஏறிட்டேன். எங்க ஊரு ஏரிக்கர பனமரம் வரிசையா நிக்குது. இம்மாம் கிட்டத்துல. ஒங்கம்மா தொடப்பத்த எடுத்துக்கினு வந்தாங்க. அடி உழுந்தா உழட்டும்னு எறங்காம நின்னேன்."

மாமா துண்டால் அவங்களுக்கு விசிறினார். சுற்றி அத்தனை ஜனம் இருந்தது.

எண்பத்திரண்டு பங்குனியில் என் கொழுந்தியாளுக்கு, அதாவது அத்தையின் சின்னப் பெண்ணுக்கு, காஞ்சிபுரத்தில் ஒரு இடம் வந்தது. முன்னமே ஒரு இடம் பேசித் தவறிப்போயிருந்தது. இதுவும் தவறினால் ஊர் வாய் சும்மா இருக்காது. மாமா எப்படியாவது முடித்துவிடுவது என்றுதான் கிளம்பினார். பையனுக்குத் தகப்பன் இல்லை. தாய் மட்டும். பையனுக்கு ஜவுளிக் கடையில் வேலை. சொந்தமாக மாடி வீடு. தரகர் சொன்னது இது. மாடி வீடு என்றதும் அத்தை உடனே சரி, போய்ப் பார்க்கலாம் என்றாங்க.

மாமா, அத்தை, நான் மூன்று பேர் போனோம். நல்லபடியாக அமைந்தால் அன்றைக்கே தட்டு மாற்றுவது என்று வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டில் தரகர் காத்திருந்தார். குதிரை வண்டி வைத்து ராஜ வீதியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். காரை பூசின மாடி வீடு. கூடத்தில் நாற்காலி. பித்தளைக் குடம் பளபள என்று இருந்தது. பையனின் தாய் ஒல்லியான பொம்பளை. வாங்க வாங்க என்றாள். பையன் கூடத்து ஓரம் நின்றான். தலை நிமிரவே இல்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

கேசரி வந்தது. காபி வந்தது. "இது எப்ப கட்டின வூடு?" என்று மாமா பையனைக் கேட்டார். தரகர் பதில் சொன்னார்: "அவங்க தாத்தா காலத்துல."

அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டு, "சம்மந்தி, மாடிக்கு படி எங்க கீது?" என்று கேட்டாங்க.

அந்தம்மா முகம் எப்படியோ ஆனது. "மாடி பூட்டி கீது."

"சாவி?"

அந்தம்மா தரகரைப் பார்த்தாள். "சாவி மேஸ்திரிகிட்ட கீது. மேல கொஞ்சம் பூச்சு வேல" என்றார் தரகர்.

"அவ அப்பிடித்தான். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாமா. "மாடின்னு கேட்டா கையி காலு நிக்காது."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு மேல் ராகு காலம். அது கழிந்து தட்டு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை அம்மன் கோயிலுக்குப் போய் வரலாம் என்றார் தரகர். வெளியே வந்தோம். தெரு முனையில் அத்தை நின்றுவிட்டாங்க.

"நீங்க தரகரோட கோயிலுக்குப் போங்க. எனக்கு அந்த மாடிக்கு ஈடா இன்னொன்னு பாக்கணும்."

மாமா பெருமூச்சு விட்டார். "மாப்ள, நீங்க கூடப் போங்க. எங்கனா எறங்கத் தெரியாம நிக்கப்போறா."

அத்தை முன்னால் போனாங்க. நான் பத்தடி பின்னால் போனேன். சுற்றிப் பார்த்தாங்க. ஊருக்கு மேற்குப் பக்கமாக ஒரு லாட்ஜ் இருந்தது. மொட்டை மாடியில் வரிசையாக வெள்ளைத் துணி காய்ந்தது. கல்லாவில் உட்கார்ந்தவரை அத்தை பார்க்கவே இல்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்தாங்க. அங்கே ஒரு பொம்பளை துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"மேல காஞ்சத எடுத்துக்கினு வந்து தரட்டுமா, தாயி?"

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னால படி கீது. மடிச்சி எடுத்தா."

ஏறினோம். அத்தை சுவரைப் பார்த்து நின்று மூச்சு வாங்கினாங்க. முகம் துடைத்தாங்க. அப்புறம் திரும்பினாங்க.

நானும் எத்தனையோ தடவை காஞ்சிபுரம் லோடு கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த ஊரைப் பார்த்தேன். வடக்கே ஏகாம்பரநாதர் கோபுரம். கிட்டத்தில் காமாட்சி அம்மன் கோயில் விமானம் வெயிலில் தங்கமாக. தூரத்தில் சின்னக் காஞ்சிபுரத்துக் கோபுரம், புகை மாதிரி. நடுவில் ஓட்டு வீடும் மாடி வீடுமாக ஊர். மாடிக்கு மாடி வடாம். சாயம் போட்ட பட்டு நூல் சிவப்பும் பச்சையுமாகக் கொடியில் தொங்கியது. எங்கே பார்த்தாலும் தறிச் சத்தம்.

மாமா இல்லை. தூண் இல்லை. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அத்தை அதனிடம் பேசினாங்க.

"நம்ம பாத்த வூடு எதுன்னு கேளு."

நான் கை நீட்டினேன். கிட்டத்தில்தான் இருந்தது. அத்தை பார்த்தாங்க. நானும் பார்த்தேன்.

பூட்டின மாடியில் ஒரு பொம்பளை குந்திக்கொண்டு காக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் வடாம்.

"மேஸ்திரியா அது?" என்று அத்தை தொட்டியைக் கேட்டாங்க.

அந்தப் பொம்பளை எழுந்து உள்ளே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கிணற்றடியில் தெரிந்தாள். அங்கே பையனின் தாய் தரையில் குந்தி, நாங்கள் சாப்பிட்ட தட்டு, டம்ளர் எல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் இருந்து வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒரு டம்ளரை எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தாள். திரும்பத் தரையில் போட்டாள். பையனின் தாய் அதை மறுபடி தேய்த்தாள்.

யார் வீட்டுக்காரி என்று கேட்க வேண்டியது இல்லை.

இரவல் வீட்டைக் காட்டிப் பெண் கேட்கிறார்கள். கீழே போய்த் தரகர் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று திரும்பினேன்.

"இருங்க" என்றாங்க அத்தை.

தொட்டியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாங்க. நான் நின்றேன்.

கொல்லைக்குப் பையன் வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். தாயின் கையைப் பிடித்து எழுப்பினான். அவள் எழ மாட்டேன் என்றாள். அவன் விடவில்லை. அவளைத் துவைக்கிற கல் மேல் உட்கார வைத்துவிட்டு, அவள் இடத்தில் குந்தினான். தேய்த்தான். வீட்டுக்காரி பார்க்க, நிதானமாக ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கவிழ்த்தான். என்னவோ சொன்னான். தாய் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அது முடிந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைத்து அந்த வீட்டுத் தொட்டியை நிரப்பினான். வீடு இரவல் கொடுத்ததற்குக் கூலி போல இருந்தது.

அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே போனான். சந்து. அதைத் தாண்டிக் கால்வாய். கால்வாய் ஓரம் தாழ்ந்த ஓட்டு வீடு ஒன்று. வாசலில் ஒரு பசு மாடு கட்டியிருந்தது. உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தான். வெளிச்சத்தில் நின்று துண்டால் அதைத் துடைத்தான். திருப்பித் திருப்பித் துடைத்தான். தட்டாவது சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான்.

அத்தை கோபுரத்தை எல்லாம் மறந்துபோனாங்க. அந்தச் சந்து, கால்வாய் இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. பிறகு காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாங்க. நானும் மடித்தேன்.

"மாமாகிட்ட சொல்ல வேணாமா?" என்று நான் துணியைக் கேட்டேன்.

"நான் சொல்றேன்னு சொல்லு. எல்லாரும் இருக்கறப்ப சொல்றேன்னு சொல்லு."

ராகு காலம் கழிந்து அதே கூடத்தில் உட்கார்ந்தோம். மாமா நெற்றியில் குங்குமம். தரகர் சுறுசுறுப்பாக இருந்தார். பையன் அந்தத் தட்டை மடியில் வைத்திருந்தான்.

"நல்ல நேரம் ஆயிடுச்சி. தட்ட எடுங்க" என்றார் தரகர்.

அத்தை தூண் ஓரம் நின்றாங்க. "தட்டு இங்க மாத்த வேணாம்னு சொல்லு. பையன் வூட்ல மாத்திக்கலாம்."

மாமா திரும்பினார். "இது பையன் வூடுதானடி."

"இல்ல. அவங்க வூடு கால்வா ஓரம் கீது. ஓடு போட்டது. வாசல்ல மாடு கட்டி கீது."

பையனின் தாய் சுவரோடு சாய்ந்துகொண்டாள். தரகர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மாமா எழுந்துவிட்டார்.

"யோவ், இன்னா வேலய்யா இது? எழுந்திரிடி. மாப்ள, தேங்காய எடுங்க. போலாம்."

அத்தை அசையவில்லை.

"பொய் சொல்ற எடத்துல பொண்ணு குடுக்கப் போறியா நீ?"

"பொய் சொன்னவரு தோ நிக்கறாரு. அவருக்கா குடுக்கறோம்?"

தரகர் இரண்டடி பின்னால் போனார்.

"எங்க வூட்டப் பாத்தா யாரும் குந்த மாட்டாங்கன்னு அவரு சொன்னாரு" என்று பையனின் தாய் சொன்னாள். தரையைப் பார்த்துச் சொன்னாள். "இந்த வூட்டம்மாகிட்ட நான்தான் கேட்டு வாங்கனேன். புள்ள மேல தப்பு இல்ல."

அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான். "நான் வேணாம்னு சொன்னேன். அம்மாவ எதுத்துச் சொல்ல முடியல. நான் நின்னதும் தப்புதான். ஒங்களுக்குப் புடிக்கலன்னா வண்டி கூப்புட்டு உடறேன். சாப்ட்டுட்டுப் போங்க."

"அவன் பேசறான் பாரு" என்றார் மாமா. கோபம்தான். ஆனால் அவர் அவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"வண்டி வேணாம்" என்றாங்க அத்தை. இப்போது தூணிடம் இல்லை, பையனிடம். "நடந்தே போலாம். வழி எனக்குத் தெரியும்."

"நம்ம பொண்ணுகிட்ட இன்னா சொல்லுவ நீ?" என்றார் மாமா. "மாடி வூடுன்னு சொல்லிட்டு வந்து கீறோம்."

"பாத்தத சொல்லுவேன். புள்ளயச் சொல்லுவேன், மாட்டச் சொல்லுவேன், ஓட்டச் சொல்லுவேன். வேணாம்னு அது சொன்னா தட்ட நானே திருப்பிக் குடுத்துட்டு வர்றேன். எனக்கு ஒன்னும் அவமானம் இல்ல."

சொல்லிவிட்டுக் கூடத்தைத் தாண்டி, கொல்லை வழியாக நடந்தாங்க. கிணற்றடியில் வீட்டுக்காரி நின்றிருந்தாள். "டம்ளரு நல்லா வெளக்கி கீதும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாங்க. பின்னால் பையனும் தாயும். நான் எங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டேன். மாமா வருவாரா, நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தில் சாயத் தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டிப் போனோம். கால்வாய் வந்ததும் அத்தை யாரையும் கேட்காமல் சரியாக இடது கைப் பக்கம் திரும்பினாங்க. பையனின் தாய் ஓடிப்போய் வாசலை மறித்த மாதிரி நின்றாள்.

"உள்ள நாலு பேரு குந்த எடம் இல்ல, சம்மந்தி. பாயி கூட ஒன்னுதான்."

"ஒரு பாயி போதும். தட்டுதான வெக்கணும்."

அந்தம்மா விலகினாள். நிலை தாழ்வு. ஓடு தலையில் இடிக்கும். "குனிஞ்சி வாங்க" என்றான் பையன். அத்தை குனிந்து உள்ளே போனாங்க. நானும் தட்டோடு குனிந்து போனேன்.

உள்ளே பாய் விரித்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். வாசல் பக்கம் பார்த்தேன். மாமா வந்திருந்தார். மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அதன் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். தரகர் அவரோடு வரவில்லை. உள்ளே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அத்தையும் கூப்பிடவில்லை. விளக்கு முன்னால் இரண்டு தட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் ஆனது. மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரும் குனிந்தார்.